தூண்கள் இல்லாத திடல்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனில் ஒரு வீட்டில் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்காரர் சண்முகம். நாகப்பட்டினத்தில் என்னோடு கப்பலேறி, அதே நாளில் சிங்கப்பூரில் இறங்கியவர். துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருக்கிறார். நாங்கள் இறங்கிப் பத்து வருடமாகிறது என்பதைப் பால் பொங்கிய பிறகு அவர்தான் நினைவுபடுத்தினார்.

வீடு ஏழாவது மாடியில். அரசாங்கம் கட்டிக் கொடுப்பது; பெயர் பதிந்துவிட்டு நம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் குழாய். என் மனைவி ராஜம் அந்தக் குழாயைத் திறந்தாள், தண்ணீர் விழுவதைப் பார்த்தாள், மூடினாள். நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறோம். மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய்.

"பேப்பர்க்காரரே, உங்க நம்பரும் வந்துச்சாமே. ஏன் விட்டீங்க?" என்றார் சண்முகம்.

"பத்திரிகை ஆபீசுக்குத் தூரம்."

"பஸ் ஓடுது லா," என்று இந்த ஊர்ப் பேச்சில் இழுத்தார். "உங்களுக்கு மட்டும் ஓடாதா?"

நான் சிரித்து வைத்தேன். ஊரிலிருந்து என் அண்ணனும் இதையே கேட்டு எழுதுகிறார். இன்னும் ஏன் வாடகை அறை என்கிறார். அவருடைய கடிதங்களில் இன்னொரு கேள்வியும் தவறாமல் இருக்கும். குழந்தை ஓடியாடி விளையாடுகிறாளா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று அவர் நினைக்கிறார்.

2

எங்கள் ஒரே மகள் கோமதி இங்கேயே பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சல் கண்ணைப் பாதித்தது. வெளிச்சம் தெரியும். பக்கத்தில் வந்தால் உருவம் தெரியும், முகம் தெரியாது. புத்தகத்தை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு படிப்பாள். பள்ளி விட்டு வீடு திரும்பும்போது மூக்கு நுனியில் அச்சு மை ஒட்டியிருந்தால் அன்று பாடம் அதிகம் என்று அர்த்தம்.

பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியை திருமதி லிம் அவளைத் தன் மேசையருகே அழைத்துச் சில வரிகள் படிக்கச் சொன்னார். படித்தாள். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் பேசினார். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இவள் வகுப்பில் சமாளிப்பாள். ஆனால் கண் என்று நான் எழுதினால், கல்வி இலாகா மேலிடத்தில் இவளுக்கு வேறு பள்ளி இருக்கிறது என்பார்கள். வகுப்பில் யாரும் கவனிக்கப் போவதில்லை. திடலில்தான் தெரிந்துவிடும். நெஞ்சு பலவீனம், ஓடக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். பி.டி. பீரியடில் உட்கார்ந்திருக்கட்டும்."

பி.டி. என்பது நம் ஊர் டிரில் வகுப்பு. திருமதி லிம் நல்லவர். அந்த ஏற்பாடும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ராஜம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு அப்போது என் சித்தப்பா மகன் சேதுவின் நினைவு வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். கும்பகோணத்தில், வீட்டின் பின்னறையில், ஒரு கயிற்றுக் கட்டிலில் வளர்ந்தான். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும் நாட்களில் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். விருந்தாளி கேட்டால் சேது வெளியூர் போயிருக்கிறான் என்பார்கள். கதவுக்குப் பின்னால் அவன் இருமாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான். நாங்கள் கடல் தாண்டியதற்குப் பல காரணங்கள் உண்டு. சேது அவற்றில் இல்லை. ஆனால் கோமதிக்குக் கண் சரியில்லை என்று டாக்டர் சொன்ன நாளில் ராஜம் கேட்ட முதல் கேள்வி, "ஊருக்குத் திரும்பிப் போக வேண்டாமில்ல?" என்பதுதான்.

ஆக, கோமதிக்குக் கதவு சாத்தப்படவில்லை. ஒரு பெஞ்சு கிடைத்தது.

3

அவளுடைய பள்ளிக்குச் சொந்தத் திடல் கிடையாது. பக்கத்திலிருக்கும் ஃபேரர் பார்க் திடலுக்கு வகுப்பாக வரிசையில் நடத்திக்கொண்டு போவார்கள். விரிந்து கிடக்கும் புல்வெளி. ஓரத்தில் ஓர் அங்சானா மரம், அதனடியில் பெஞ்சு. கோமதி அதில் உட்கார்ந்து எல்லோருடைய காலணிகளையும் காவல் காப்பாள். பத்திரிகையில் எனக்கு வேலை பிற்பகலில் தொடங்கும். அதனால் காலையில் சந்தைக்குப் போகிற வழியில் சில நாள் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஓடும் திசைக்கெல்லாம் அவள் தலை திரும்பும், சிறிது தாமதமாக.

வீட்டுக்கு வந்து விளையாட்டுச் செய்திகளை என்னிடம் கொடுப்பாள். "இன்னிக்கு ரெட் டீம் வின் பண்ணிச்சு, அப்பா. மெய் லிங் விழுந்துட்டா, ஆனா அழலை." மெய் லிங் அவளுடைய சிநேகிதி, வகுப்பில் பக்கத்து இருக்கை. கோமதியின் தமிழில் ஆங்கிலம் கலப்பதை நான் திருத்துவதுண்டு. அந்தச் செய்திகளில் மட்டும் திருத்தியதில்லை. அவள் ஒரு தடவையாவது 'நாங்க' என்று சொல்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'அவங்க' என்றே சொல்வாள்.

4

இனி அவள் ஓடும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக் கடைவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கீழே கடை, மேலே குடித்தனம். எல்லாக் கடைகளின் முன்னாலும் மேல்மாடியே கூரையாக ஒரு நடைபாதை ஓடும். ஒரு பக்கம் கடைச் சுவர், மறுபக்கம் வரிசையாகத் தூண்கள். அஞ்சடி அகலம் என்று கணக்கு, பெயரும் அஞ்சடிதான். மிளகாய் மூட்டை, பூக்கூடை, சைக்கிள், தூங்குகிற மனிதர் என்று பாதி அகலம் போய்விடும்.

அந்த அஞ்சடியில் கோமதி தலைதெறிக்க ஓடுவாள். முனையில் பூக்கட்டும் மீனாட்சியக்காவின் கூச்சலைக் கேட்டால் பள்ளி விட்டுவிட்டது என்று மாடியிலிருந்தே தெரியும்.

"ஏ புள்ள! கூடை கவுந்துச்சுன்னா ஒங்கப்பன் பேப்பர்லயே ஒன்னையப் பத்திப் போட்டுருவேன்!"

"எங்கப்பா போட மாட்டாரு!"

"காசு குடுத்தா போடுவாரு, போ!"

ஒரு நாள் கடைக்காரர் வழக்கமில்லாத இடத்தில் வெங்காய மூட்டைகளை அடுக்கியிருந்தார். ஓடி வந்தவள் மோதிக்கொள்வாள் என்று நான் படியிலிருந்து கத்துவதற்குள், அவள் நாக்கைச் 'சொடக்' என்று ஒரு தட்டுத் தட்டி, மூட்டைக்கு ஒரு கை தூரத்தில் விலகி ஓடிவிட்டாள்.

"எப்படித் தெரிஞ்சது?"

"சத்தம் குண்டா திரும்பி வந்துச்சு. சாக்குன்னா குண்டா வரும். தூண்னா ஒல்லியா வரும்."

அதன் பிறகு கவனித்தேன். ஓடும்போது நாக்கைத் தட்டிக்கொண்டே ஓடுகிறாள். தூண், இடைவெளி, தூண், இடைவெளி. ஒலி சுவரில் பட்டு அவளுக்குத் திரும்பி வருகிறது. நான் கண்ணால் பார்க்கும் பாதையை அவள் காதால் பார்க்கிறாள். பாதை எவ்வளவு குறுகலோ அவ்வளவு தெளிவு.

5

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்குப் புதிதாக ஒரு விளையாட்டு ஆசிரியர் வந்தார். காதர் சார். தாத்தா காலத்தில் நாகூரிலிருந்து வந்த குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. கால்பந்து ஆட்டக்காரர். எனக்கு விடுமுறையான ஒரு மாலை அவர் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே மண்.

"உங்க பொண்ணுக்கு நெஞ்சு பலவீனம், ஓடக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. இப்பக் கீழ என்னை இடிச்சுத் தள்ளிட்டு ஓடுச்சு. நான் வடிகால்ல ஒரு கால் விட்டுட்டேன். அதான் நெஞ்சு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ராஜம் அடுப்படியிலிருந்து, "மழை நாள்ல மூச்சு வாங்கும், சார்," என்றாள்.

"இன்னிக்கு வெயிலுக்கா?" என்றார் அவர்.

கோமதி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். "சார், என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் தெரியலை. நீங்க நடுவுல நின்னுட்டீங்க, வழக்கமா அங்க யாரும் நிக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை அவள் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

நான் ஏற்பாட்டை விளக்கினேன். காதர் சார் செம்பைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"அப்ப ஓடுனா கண்ணு வெளியில வந்துடும். வந்தா ஸ்கூல் போயிடும். ஓடாம இருந்தா ஸ்கூல் இருக்கும். இப்படியா?"

"இப்படித்தான்."

"வெளியாளு வராத நாள்ல, என் பீரியட்ல மட்டும் முயற்சி பண்ணட்டுமா?"

ராஜம் வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் சொன்னாள். கோமதிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அம்மாவின் பக்கம் திரும்பி, "ஒரு தடவை, அம்மா," என்றாள்.

6

முதல் முயற்சியை மரத்தடியில் நின்று பார்த்தேன். காதர் சார் அவளைத் திடல் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, எதிரே போய்க் கூப்பிட்டார். "வா, கோமதி! ஒண்ணுமே இல்ல, நேரா ஓடி வா!"

அவள் நாக்கைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஓரடி வைத்தாள், பின்வாங்கினாள். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். மெய் லிங் போய் அவளைப் பெஞ்சுக்கு அழைத்து வந்தாள்.

"பயமா?" என்றார் காதர் சார்.

"எதுவுமே திரும்பி வரலை, சார். அங்க ஒண்ணுமே இல்ல."

"அதத்தானே நானும் சொன்னேன், ஒண்ணுமே இல்லன்னு!"

"அஞ்சடியில தூண் இருக்கு."

இந்த ஊரில் வாடகை அறையில் இருப்பவர்கள் நெரிசலைத்தான் சிறை என்பார்கள். நானும் அப்படிச் செய்தி எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு அந்தப் பெரிய பசும்புல் வெளிதான் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது.

அடுத்த பீரியடில் காதர் சார் வகுப்பை இரண்டு வரிசையாகப் பிரித்து எதிரும் புதிருமாக நிற்க வைத்தார். நடுவில் அஞ்சடி இடம். ஒவ்வொருவரும் தூண். தூணின் வேலை அசையாமல் நின்று, அவள் நெருங்கும்போது கைதட்டுவது. கோமதி ஒரு முனையில் நின்று கேட்டாள். முதலில் நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமானது. கடைசித் தூண்களைத் தாண்டிய பிறகும் நிற்காமல் காதர் சாரின் வயிற்றில் போய் மோதினாள்.

"மறுபடியும் இடிச்சிட்டியா? நல்ல வேளை, இங்க வடிகால் இல்ல!"

அதன் பிறகு அது அந்த வகுப்பின் விளையாட்டாகிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றவர்களும் ஓடிப் பார்த்தார்கள். கோணலாக ஓடித் தூண்களைச் சாய்த்தார்கள். கோமதி பெஞ்சுக்கு வராமல் தானும் தூணாக நின்று கைதட்டினாள். மெய் லிங்குக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'தூண்' என்பதுதான். யாராவது அவளைத் தள்ளினால், "ஐ ஆம் தூண் லா!" என்று கத்துவாள். ஒரு நாள் ஒரு பையன் தும்பி பிடிக்கப் போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் சத்தம் இல்லாமல் போக, கோமதி வரிசையை விட்டு விலகி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டில் மருந்து போடும்போது ராஜத்துக்குத்தான் கண்ணீர். கோமதி செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"தூண் ஓடிப் போச்சும்மா! நாங்க எல்லாரும் சிரிச்சு சிரிச்சு..."

'நாங்க' என்றாள். நான் ராஜத்தைப் பார்த்தேன். அவளும் கேட்டுவிட்டிருந்தாள்.

7

மேலிடத்து அதிகாரி முன்னறிவிப்போடுதான் வருவார் என்று நம்பியிருந்தோம். வேறொரு பள்ளியின் பயிற்சியைப் பார்க்கத் திடலுக்கு வந்தவர், திரும்பும் வழியில் கைதட்டல் கேட்டு நின்றுவிட்டார். நின்று ரசித்தாராம். பிறகு, "அந்தப் பெண் மட்டும் ஏன் கண்ணைக் கட்டாமல் ஓடுகிறாள்?" என்று கேட்டாராம்.

அந்த வாரமே தலைமையாசிரியை அறையில் நாங்கள் ஐந்து பேர். திருமதி லிம், அதிகாரி, காதர் சார், நான், கோமதி. அதிகாரி இளவயதினர், மரியாதையானவர். கோபித்துக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லாதது எனக்குச் சிரமமாக இருந்தது. அவர் என்னிடம் பேசாமல் கோமதியிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"பார்வை இல்லாத பிள்ளைகளுக்கென்று நல்ல பள்ளி இருக்கிறது. தொட்டுப் படிக்கும் எழுத்து கற்றுத் தருவார்கள். விளையாடலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகவே ஓடலாம்."

"மெய் லிங் வருவாளா?"

"அவளுக்குக் கண் தெரியுமே."

அங்கே தமிழ் படிக்க வழியிருக்குமா என்று நான் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டார்.

"இங்கேயே இருந்தால்?" என்றாள் கோமதி.

அதிகாரி திருமதி லிம்மைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார். "வகுப்பில் இருக்கலாம். உன் மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் திடலில் இறங்க முடியாது."

"தூண்கள் இருந்தாலுமா?"

காதர் சார் குறுக்கிட்டார். "பிள்ளைகள் பழகிவிட்டார்கள், மேடம். நான் பொறுப்பு."

"உண்மையான தூண் நகராது," என்றார் அதிகாரி. "பிள்ளைகள் நகர்வார்கள். ஒருவன் கைதட்ட மறந்து இவள் கையோ காலோ ஒடிந்தால், உங்களுடைய பொறுப்பு அந்த எலும்பை ஒட்ட வைக்குமா?"

தும்பி பிடிக்கப் போன பையன் காதர் சார், கோமதி, நான் மூவருக்கும் நினைவிருந்தான்.

ஓடுவதானால் அங்கே. இருப்பதானால் இங்கே, உட்கார்ந்துகொண்டு. பெரியவர்கள் நால்வர் இருந்த அறையில் முடிவு சொல்லும் வேலை ஒன்பது வயதுக் குழந்தையிடம் வந்து நின்றது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அங்கே அனுப்பு என்றும் வரவில்லை, இங்கே வை என்றும் வரவில்லை. கோமதி நாக்கை மெல்லத் தட்டினாள். சின்ன அறை. எல்லாச் சுவரிலிருந்தும் உடனே பதில் வந்திருக்கும்.

"இங்கயே உக்காந்துக்கிறேன், அப்பா," என்று தமிழில் சொன்னாள். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அதிகாரி அவளை அந்த வகுப்பிலேயே தொடர அனுமதித்தார். பள்ளிப் பதிவேட்டில் நெஞ்சு என்றிருந்ததைக் கண் என்று மாற்றினார்கள். அந்த அளவில் என் மகளுக்கு நெஞ்சு குணமாயிற்று.

இப்போது பி.டி. பீரியடில் அவள் மறுபடி அங்சானா மரத்தடியில் இருக்கிறாள். காதர் சார் அவளிடம் ஒரு விசில் கொடுத்திருக்கிறார். அவள் ஊதினால்தான் ஓட்டம் தொடங்கும். ஊதுகிறாள். எல்லோரும் அவளை விட்டு ஓடுகிறார்கள்.

8

இதற்குப் பிறகுதான் வீட்டுக்கான எங்கள் நம்பர் வந்தது. குவீன்ஸ்டவுன், ஏழாவது மாடி, சண்முகத்தின் கட்டடத்துக்கு அடுத்தது. ராஜம் முதல் நாளே எந்த மூலையில் எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்திருந்தாள். மூவரும் பார்க்கப் போனோம்.

வீடுகளின் முன்னால் நீண்ட நடைபாதை. ஒரு பக்கம் கதவுகள். மறுபக்கம் கம்பிக் கிராதி, அதற்கப்பால் வானம். கோமதி படியேறியதும் ஓடுவதற்குத் தயாராக நின்று நாக்கைத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஒரு பக்கம்தான் இருக்கு, அப்பா."

"இன்னொரு பக்கம்?"

"போயிடுது."

சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவள் அப்படிக் கையால் தடவி நடந்து நான் பார்த்ததே இல்லை. பின்னறையிலிருந்து முற்றத்துக்கு வரும்போது சேது அப்படித்தான் வருவான்.

ராஜம் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "போலாம்," என்றாள்.

பஸ்ஸில் வந்து தேக்காச் சந்தையருகே இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பியதும் கோமதி என் கையை உதறினாள். சொடக், சொடக் என்று சத்தம் அஞ்சடியில் தூரமாகிக்கொண்டே போனது. யாருடைய சைக்கிள் மணியோ அடித்தது.

"ஏ புள்ள! கண்ணு தெரியாதா ஒனக்கு!" என்று மீனாட்சியக்கா கத்தினாள்.

"தெரியாது!" என்று ஓடிக்கொண்டே பதில் வந்தது.

ராஜம் முதல் தூணருகே நின்று, சத்தம் மாடிப்படியில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள். நம்பரை விட்டால் மறுபடி எப்போது வரும் என்று இருவருக்கும் தெரியும். இந்த வரிசைக் கடைவீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் விசாரித்தேன். இப்போதைக்கு இல்லை என்கிறார்கள்.

அண்ணனுக்குப் பதில் எழுதிவிட்டேன். வீடு மாறவில்லை. குழந்தை ஓடுகிறாள், மீனாட்சியக்காவின் பூக்கூடையிலிருந்து எங்கள் மாடிப்படி வரை.